தோர்ப்னா வெறும் கிராமம் இல்ல, தாய் ஊர்ல இருந்து கிளைச்ச ஊர்

கேள்வி இதுதான்: இங்கிலாந்து மேப்பை பார்த்தா ஸ்கன்தோர்ப், க்ளீதோர்ப்ஸ், மேபிள்தோர்ப், பிஷப்தோர்ப்னு கிழக்கு பக்கம் பூரா "தோர்ப்"ல முடியற ஊரா இருக்கு, தோர்ப்னா பழைய ஆங்கிலத்துல கிராமம்னு ஒரு இடத்துல போட்டிருக்கு, வைக்கிங் ஆளுங்க கொண்டு வந்த சொல்லுனு இன்னொரு இடத்துல போட்டிருக்கு, இதுல எது சரி, அந்த சொல்லு எங்க இருந்து வந்துச்சு?

ரெண்டுமே சரிதான், ஆனா ரெண்டும் சேர்ந்தாலும் விஷயம் முழுசா வரல. பழைய ஆங்கிலத்துலயும் அந்த சொல்லு இருந்துச்சு, வைக்கிங் ஆளுங்க பேசின நார்ஸ் மொழியிலயும் அதே சொல்லு இருந்துச்சு, ரெண்டு மொழியும் ஒரே குடும்பம்ங்கறதால யார் யார்கிட்ட இருந்து எடுத்தாங்கன்னு கேக்கறதே கொஞ்சம் தப்பான கேள்வி. அதைவிட முக்கியமா, "கிராமம்"னு ஒரே வார்த்தைல அர்த்தம் போட்டா அதுல இருக்கற முக்கால்வாசி தகவல் போயிடும். இங்கிலாந்துல தோர்ப்னு பேர் வாங்கின இடம் பெரும்பாலும் ஏற்கனவே இருக்கற ஒரு பெரிய ஊரை ஒட்டி, அதுக்கு கீழ, கொஞ்சம் தள்ளி உருவான சின்ன குடியிருப்பு. நாலஞ்சு வீடு, அதுக்கு சேர்ந்த உழவு நிலம், சர்ச்சுக்கு போகணும்னா தாய் ஊருக்குதான் போகணும், அந்த மாதிரி இடம்.

இதை ஊர் பேர்லயே பார்க்கலாம். நார்ஃபோக் கவுன்டில கடலோரமா பர்ன்ஹம்னு ஒரு கூட்டமே இருக்கு, பர்ன்ஹம் மார்க்கெட், பர்ன்ஹம் ஓவரி, பர்ன்ஹம் நார்டன், பர்ன்ஹம் டீப்டேல், அப்புறம் பர்ன்ஹம் தோர்ப். கடைசி ஊரோட பேருக்கு அர்த்தம் பர்ன்ஹமோட தோர்ப், அவ்வளவுதான். 1758-ல ட்ரஃபால்கர் கடல் போர் புகழ் தளபதி நெல்சன் பிறந்தது அங்கதான், அவங்க அப்பா அந்த ஊர் சர்ச்ல பாதிரியார். அதே மாதிரி க்ளீதோர்ப்ஸ், கடைசில ஒரு "ஸ்" இருக்கு பாருங்க, அது பன்மை. க்ளீன்னு ஒரு பழைய ஊர் இருந்துச்சு, அதை சுத்தி இட்டர்பி, ஊல், த்ரன்ஸ்கோனு சின்ன சின்ன குடியிருப்பு, எல்லாத்தையும் மொத்தமா சேர்த்து "க்ளீயோட தோர்ப்புகள்"னு கூப்பிட்டாங்க, காலப்போக்குல அந்த தோர்ப்புங்க சேர்ந்து பெரிய பீச் டவுனா வளர்ந்து தாய் ஊரான க்ளீ இப்ப அதுக்குள்ள ஒரு ஏரியா ஆயிடுச்சு. கிரிம்ஸ்பி டவுன் ஃபுட்பால் க்ளப்போட மைதானமே க்ளீதோர்ப்ஸ்லதான் இருக்கு.

இன்னும் தெளிவா தெரியணும்னா யார்க்‌ஷயர்ல வாரம் பெர்சிய பாருங்க. இது மத்திய காலத்துல ஆள் காலியான ஊர், 1500 வாக்குல எல்லாரும் போயிட்டாங்க, அந்த காலத்து கட்டடத்துல இப்ப நிக்கறது கூரை இல்லாத ஒரு சர்ச் மட்டும்தான், ஆனா 1950-ல ஆரம்பிச்சு 40 வருஷம் தொடர்ந்து அகழாய்வு நடந்ததால இங்கிலாந்துல ஒரு கிராமம் எப்படி உருவாச்சுனு இவ்வளவு விவரமா தெரிஞ்ச இடம் ரொம்ப கம்மி. அந்த சர்ச்சுக்கு கீழ மொத்தம் அஞ்சு ஊர் வரும், வாரம் பெர்சி, தவ்தோர்ப், ரெய்ஸ்தோர்ப், பர்டேல், திக்சன்டேல். பாருங்க, சர்ச் இருக்கற ஊர் தோர்ப் இல்ல, அதுக்கு கீழ இருக்கற நாலுல ரெண்டு தோர்ப். அந்த ரெண்டு தோர்ப்பும்கூட காலியாதான் போச்சு, மேட்டுல புல்லுக்கு அடியில வீட்டு தடம் மட்டும் இருக்கு. சின்ன குடியிருப்புங்கறதால கொள்ளைநோயோ, உழவை விட்டுட்டு ஆடு வளர்க்கற முதலாளியோ வந்தா முதல்ல அடி வாங்கறது இந்த மாதிரி ஊர்தான், அதனாலயே கைவிடப்பட்ட ஊர் பட்டியலை எடுத்தா தோர்ப் நிறைய கண்ணுல படும்.

சரி, பழைய ஆங்கில சொல்லா, வைக்கிங் சொல்லா? இங்கதான் நிறைய பேர் அவசரப்படறாங்க. தோர்ப்னா வைக்கிங்னு சொல்றதுக்கு பலமான காரணம் இருக்கு, யார்க்‌ஷயர், லிங்கன்ஷயர், நாட்டிங்ஹம்ஷயர், லெஸ்டர்ஷயர், நார்ஃபோக்னு டேன்கள் (டென்மார்க் பக்கம் இருந்து வந்த வைக்கிங் ஆளுங்க) குடியேறின ஏரியாலதான் அது கொத்து கொத்தா இருக்கு. ஆனா தெற்கு பக்கம் போய் பாருங்க, டேன்கள் குடியேறாத ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர், க்ளாஸ்டர்ஷயர், வில்ட்‌ஷயர், டார்செட்ல த்ரப், த்ரூப்னு ஊர் இருக்கு, ஏடில்ஸ்ட்ராப், சவுத்ராப், ஹாதராப்னு ஊர் இருக்கு. இதெல்லாமே அதே சொல்லுதான், உருவம் மட்டும் மாறி இருக்கு. இங்க நடந்தது என்னன்னா, "ர்" சத்தம் உயிரெழுத்துக்கு பின்னாடி இருந்தது முன்னாடி தாவிடுச்சு, தோர்ப் த்ரோப் ஆயிடுச்சு. ஆங்கிலத்துல "ர்" இப்படி முன்னாடியும் பின்னாடியும் இடம் மாறறது சகஜமா நடந்த விஷயம், இப்ப "பேர்ட்"னு சொல்ற பறவை முன்னாடி "ப்ரிட்", மூணாவதுக்கு சொல்ற "தேர்ட்" முன்னாடி "த்ரிட்"(அதனாலதான் மூணு மட்டும் "த்ரீ"னு நிக்குது), குதிரையை சொல்ற "ஹார்ஸ்" ஜெர்மன்காரங்ககிட்ட "ராஸ்". ஆக தெற்குல இருக்கற த்ரோப் எல்லாம் உள்ளூர் ஆங்கில சொல்லு.

இதுக்கு எழுத்து ஆதாரமும் இருக்கு. வைக்கிங் படை வர்றதுக்கு முன்னாடியே லத்தீன் படிக்கற துறவிகளுக்காக எழுதின பழைய சொற்பட்டியல்ல "த்ரோப்" வருது, காம்பிட்டம்ங்கற லத்தீன் சொல்லுக்கு அர்த்தமா போட்டிருக்காங்க, அதுக்கு நேர் அர்த்தம் பாதைகள் சந்திக்கற இடம். கிராமத்துக்கும் கூட்டு ரோட்டுக்கும் என்ன சம்பந்தம்னு தோணும், ஆனா பாதை சந்திக்கற இடத்துல நாலு வீடு வர்றது எங்கயும் நடக்கறதுதான்.

அப்ப வடக்குல மட்டும் ஏன் இவ்வளவு? 865-ல பெரிய டேனிஷ் படை கிழக்கு ஆங்லியாவுல வந்து இறங்குது, 866-ல யார்க்கை பிடிக்குது, 876-ல ஹாஃப்டான்ங்கற தலைவன் நார்தம்ப்ரியாங்கற வடக்கு ராஜ்யத்தோட நிலத்தை தன் ஆளுங்களுக்கு பங்கு போட்டு குடுத்தான், அவங்க உழுது பொழைக்க ஆரம்பிச்சாங்கன்னு அந்த காலத்து ஆங்கிலோ சாக்சன் வருஷ குறிப்பே சொல்லுது. அடுத்தடுத்து நடு இங்கிலாந்துல இருந்த மெர்சியா ராஜ்யத்தோட கிழக்கு பகுதி, கிழக்கு ஆங்லியான்னு பங்கு போட்டாங்க. 878-ல எடிங்டன்ல ஆல்ஃப்ரட் ராஜா ஜெயிச்சதுக்கு அப்புறம் குத்ரம்ங்கற டேன் தலைவன் கூட ஒப்பந்தம் போட்டு தேம்ஸ், லீ ஆறு, பெட்ஃபோர்ட், ஊஸ் ஆறு, அப்புறம் ரோமர்கள் போட்ட வாட்லிங் ரோடுன்னு ஒரு எல்லை கோடு கிழிச்சாங்க. அந்த கோட்டுக்கு வடகிழக்கு பக்கத்தைதான் பின்னாடி டேன்லான்னு சொன்னாங்க. டேன்களோட சொந்த ஊர்லயும் இதே சொல்லு ரொம்ப சாதாரணம், டென்மார்க் மேப்ல ரூப், ஸ்ட்ரூப், டோர்ப்னு முடியற ஊர் எக்கச்சக்கம், கோபன்ஹேகன் ஏர்போர்ட் இருக்கற காஸ்ட்ரூப்கூட அந்த குடும்பம்தான். அந்த ஆளுங்க புது நிலத்துல கிளைக் குடியிருப்பு போட்டப்ப வாய்ல பழகின சொல்லையே வெச்சாங்க, பக்கத்துல இருந்த ஆங்கிலேயனுக்கும் அந்த சொல்லு புரிஞ்சுது, அவனும் அதையே சொன்னான்.

இது நார்ஸ் பேசினவங்க வாய்ல இருந்து வந்த பேருனு அடிச்சு சொல்லக்கூடிய ஊரும் இருக்கு. யார்க் பக்கத்துல காப்மன்தோர்ப். நார்ஸ்ல "கவ்ப்மன்னா"ன்னா வியாபாரிங்களோட, ஆக வியாபாரிங்க தோர்ப். கோபன்ஹேகன் பேரோட முதல் பாதியும் இதே சொல்லுதான், அது வியாபாரிங்களோட துறைமுகம். பழைய இங்கிலீஷ்காரன் வெச்சிருந்தா முதல் எழுத்து "ச" சத்தத்துல வந்திருக்கும், ஏன்னா அதே சொல்லோட ஆங்கில உருவம் "சாப்மன்". ஒரே ஒரு மெய்யெழுத்துல யார் பேர் வெச்சாங்கன்னு தெரியுது, எனக்கு இந்த துறையில ரொம்ப பிடிச்சதே இந்த மாதிரி இடங்கதான்.

டேன்கள் வெச்ச பேர்ல "பி"னு முடியறது இன்னொரு பெரிய கூட்டம், கிரிம்ஸ்பி, டெர்பி, விட்பி, ரக்பி எல்லாம். பி-க்கும் பண்ணை, ஊர்ங்கற அர்த்தம்தான் (உள்ளாட்சி விதியை "பை-லா"னு சொல்றோமே, அதுல இருக்கற பை இதுதான்). அப்ப பி-க்கும் தோர்ப்புக்கும் என்ன வித்தியாசம்? பழைய விளக்கம் என்னன்னா, முதல்ல வந்தவங்க நல்ல இடத்தை எடுத்து பி போட்டாங்க, பின்னாடி வந்தவங்க மிச்ச இடத்துல தோர்ப் போட்டாங்க. இது ஓரளவு பொருந்துது. ஆனா 2011-ல வெளிவந்த ஒரு விரிவான ஆய்வுல ஊர் பேர் ஆராய்ச்சியாளர்களும் நில வரலாறு ஆளுங்களும் சேர்ந்து மண் வகையெல்லாம் பார்த்து வேற மாதிரி சொன்னாங்க, தோர்ப் நிறைய இருக்கறது உழவுக்கு ஏத்த மண்ணுல, பி அதிகமா மேய்ச்சலுக்கு சாயுது, 9-ம் நூற்றாண்டுக்கு அப்புறம் தனித்தனி வயலை விட்டுட்டு ஊர் பொதுவா பெரிய திறந்த வயல்ல பட்டை பட்டையா பிரிச்சு உழற முறை பரவினப்ப அந்த உழவு வேலையோட சேர்ந்து வந்த குடியிருப்புதான் தோர்ப்னு. எனக்கு இந்த விளக்கம்தான் மனசுக்கு ஒப்புது. ஏன்னா தெற்குல டேனே இல்லாத ஊர்லயும் ஏன் த்ரோப் இருக்குன்னு முதல் விளக்கத்தால சொல்ல முடியாது, ரெண்டாவதால முடியும். இனத்தை விட வேலை முக்கியம்னு ஆகுது.

முன்னாடி சேர்ற பேரை பார்த்தா அந்த ஊர் யார் கைல இருந்துச்சுனு தெரியும். கிரைம்தோர்ப் கிரிமோடது, கன்தோர்ப் குன்னியோடது, அல்லஸ்தோர்ப் உல்ஃபோடது, எல்லாம் டேனிஷ் ஆளுங்க. மேபிள்தோர்ப்ல இருக்கறது மால்பெர்ட்னு ஒரு பேர், அது வைக்கிங் பேரே இல்ல, ஐரோப்பா பக்கத்துல இருந்து வந்த ஜெர்மானிய பேர். நிறைய ஊருக்கு முன்னாடி எதுவுமே இல்லாம வெறும் தோர்ப்னே பேர், உள்ளூர்காரனுக்கு எந்த தோர்ப்னு சொல்ல வேண்டிய அவசியமே இல்லாததால. 1066-ல பிரான்ஸ் பக்கம் இருந்து வந்து இங்கிலாந்தை பிடிச்ச நார்மன் ஆளுங்க காலத்துல வரி வசூல், கோர்ட்டு, பத்திரம்னு வந்தப்பதான் பிரச்சினை, ஒரே கவுன்டில பத்து தோர்ப் இருந்தா எந்த தோர்ப்? அதனால நில முதலாளி குடும்ப பேரை பின்னாடி ஒட்டினாங்க, தோர்ப் சால்வின், தோர்ப் பாசெட், தோர்ப் ஆர்ச் இதெல்லாம் அப்படி வந்தது. பிஷப்தோர்ப் யார்க் ஆர்ச்பிஷப்போடது, 13-ம் நூற்றாண்டுல இருந்து இன்னிக்கு வரைக்கும் ஆர்ச்பிஷப் வீடு அங்கதான். லெஸ்டர்ஷயர்ல கவுன்டஸ்தோர்ப் இருக்கு. டயானாவை 1997-ல அடக்கம் பண்ண ஆல்தோர்ப் இருக்கே, அந்த ஸ்பென்சர் குடும்பத்து மாளிகை, அதுவும் ஒல்லாங்கற ஆளோட தோர்ப், பழைய உச்சரிப்புல அதை "ஆல்ட்ரப்"னுதான் சொல்வாங்க, எழுத்துல தோர்ப்னு இருந்தாலும் வாய்ல ட்ரப். இங்கிலாந்துல நிறைய தோர்ப்பை உள்ளூர் வயசானவங்க இப்படிதான் முழுங்கி சொல்வாங்க.

1086-ல வில்லியம் ராஜா எடுக்க சொன்ன நில கணக்கு, டூம்ஸ்டே புக், அதுல இந்த ஊருங்க எல்லாம் "டோர்ப்"னு இருக்கும். காரணம், அந்த முதல் சத்தத்துக்கு பழைய ஆங்கிலத்துல தோர்ன்னு தனி எழுத்தே இருந்துச்சு, ரூன்ங்கற பழைய ஜெர்மானிய எழுத்து முறையில இருந்து எடுத்தது, ஆனா கணக்கு எழுதின குமாஸ்தாக்கள் பிரெஞ்சு வாடை உள்ளவங்க, அந்த சத்தமே அவங்களுக்கு வராது, கேட்டதை "ட"வா எழுதிட்டாங்க. அந்த தோர்ன் எழுத்து பின்னாடி கையெழுத்துல "ஒய்" மாதிரி ஆகி, அச்சுக்காரங்களும் ஒய்-யையே போட்டாங்க, பழைய கடை போர்டுல "யீ ஓல்டு"னு பார்க்கறோமே, அது உண்மையில "தி ஓல்டு"தான். ஸ்கன்தோர்ப்பை டூம்ஸ்டே புக்ல எஸ்குமெடோர்ப்னு எழுதியிருக்காங்க. முன்னாடி அந்த "எ" எப்படி வந்துச்சு? நம்ம ஊர்ல ஸ்கூலை இஸ்கூல்னு சொல்றாங்கல்ல, அதேதான், அந்த காலத்து பிரெஞ்சு வாய்க்கும் "ஸ்க"ல ஆரம்பிக்க வராது, முன்னாடி ஒரு உயிரெழுத்து வேணும். எ-வை எடுத்துட்டா ஸ்கூமாங்கற நார்ஸ் ஆளோட தோர்ப்.

ஸ்கன்தோர்ப்பை பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா அந்த ஒரு டவுன்லயே மொத்த கதையும் இருக்கு. இப்ப இருக்கற டவுன் அஞ்சு கிராமம் சேர்ந்தது: ஆஷ்பி, பிரம்பி, கிராஸ்பி, ஃப்ரோடிங்ஹம், ஸ்கன்தோர்ப். மூணு பி, ஒரு ஹம், ஒரு தோர்ப். ஃப்ரோடிங்ஹம் ஆங்கிலோ சாக்சன் பேர், ஃப்ரோடாவோட ஆளுங்க இருந்த இடம்னு அர்த்தம், அந்த வட்டாரத்துக்கு சர்ச் இருந்ததும் அங்கதான், ஸ்கன்தோர்ப் அதுக்கு கீழ ஒரு சின்ன இடம். 1859-ல ரோலண்ட் வின்ங்கற நில முதலாளி அந்த பக்கம் இரும்புக்கல் இருக்குன்னு கண்டுபிடிச்சார், அப்புறம் உலை மேல உலை, அஞ்சு கிராமமும் ஒட்டிக்கிச்சு, 1936-ல ஒண்ணா சேர்ந்து நகராட்சி அந்தஸ்து வந்துச்சு, பேர் மட்டும் அந்த சின்ன தோர்ப்போட பேர். அங்க இருக்கற நாலு பெரிய உலைக்கும் பெஸ், மேரி, ஆன், விக்டோரியான்னு ராணிங்க பேர். 2007-ல இருந்து 2016 வரைக்கும் அந்த ஆலை டாடா ஸ்டீல் கைல இருந்துச்சு, அதனால இந்தியால சில பேருக்கு அந்த ஊர் பேர் பழக்கமா இருக்கும். கம்ப்யூட்டர் ஆளுங்களுக்கு வேற விதத்துல பழக்கம், 1996-ல ஏஓஎல்ங்கற இன்டர்நெட் கம்பெனி வெச்ச கெட்ட வார்த்தை ஃபில்டர் இந்த ஊர் பேருக்கு நடுவுல ஒரு ஆபாச சொல்லு மாட்டுதுனு ஊர் ஜனங்களை அக்கவுன்ட் ஓபன் பண்ணவே விடல. இன்னிக்கும் ஃபில்டர் தப்பா பிடிச்சா அதுக்கு பேரு ஸ்கன்தோர்ப் பிராப்ளம்.

இப்ப சொல்லோட வேருக்கு வர்றேன். ஜெர்மன்ல டோர்ஃப், டச்சுல டோர்ப், ஸ்வீடிஷ்ல டோர்ப், ஐஸ்லாந்துல தோர்ப், எல்லாம் ஒரே சொல்லு. ஜெர்மன்ல கடைசில "ஃப்" ஏன்னா, ஜெர்மன் மட்டும் பழைய காலத்துல ப-வை ஃப ஆக்கிடுச்சு (ஷிப் அங்க ஷிஃப், ஹெல்ப் அங்க ஹெல்ஃபன்), முதல்ல இருக்கற "த" சத்தம் ட ஆச்சு (திங் அங்க டிங்). ட்யூசெல்டோர்ஃப்னா ட்யூசெல் ஆத்து கிராமம், 1288-ல நகர உரிமை வாங்கி இப்ப ஆறு லட்சம் பேருக்கு மேல இருக்கற சிட்டி, இன்னும் பேர் கிராமம்தான். வைக்கிங் வழி பிரான்சுக்கும் போச்சு, நார்மண்டில க்ளிடூர்ப்னு ஒரு ஊர் இருக்கு.

ஆனா அர்த்தம் எல்லா இடத்துலயும் ஒண்ணு இல்ல, இதைதான் கவனிக்கணும். ஜெர்மன்ல நேரடியா கிராமம். ஐஸ்லாந்துல கடலோர மீனவ ஊர் மாதிரி சின்ன ஊர். தென்னாப்பிரிக்கால டோர்ப்னா சின்ன டவுன். ஸ்வீடன்ல டோர்ப்னா ஒரே ஒரு குடிசை வீடும் அதை சுத்தி துண்டு நிலமும், பெரிய பண்ணைக்காரன் நிலத்துல குடியிருந்து வாடகைக்கு பதிலா அவனுக்கு நாள் கணக்குல வேலை செஞ்சு கழிக்கறவன் வீடு, அந்த வீட்டையெல்லாம் இப்ப சிட்டிக்காரங்க வாங்கி சிவப்பு பெயின்ட் அடிச்சு கோடை லீவுக்கு போறாங்க. எல்லாத்தையும் விட பழைய சான்று காத்திக்ங்கற, இப்ப அழிஞ்சு போன ஜெர்மானிய மொழியில, 4-ம் நூற்றாண்டுல வுல்ஃபிலாங்கற பிஷப் பண்ண பைபிள் மொழிபெயர்ப்புல நெகேமியா பகுதில "நான் நிலம் எதுவும் வாங்கல"ங்கற இடத்துல இந்த சொல்லு வருது, அங்க அர்த்தம் வயல், நிலம். ஆக வீடு, நிலம், பண்ணை, கொஞ்சம் வீடுங்க சேர்ந்த இடம், கிராமம்னு இந்த சொல்லு நிலத்துக்கும் வீட்டுக்கும் நடுவுல எங்க வேணா நின்னிருக்கு. இங்கிலாந்து தோர்ப் அதுல நடுவுல எங்கயோ.

அதுக்கும் பின்னாடி போனா அறிஞர்கள் ரெண்டு கட்சி. அதிகம் பேர் சொல்றது, இந்தோ ஐரோப்பிய மூல மொழியில "ட்ரெப்"னு வசிப்பிடத்தை குறிக்கற ஒரு வேர், அதுல இருந்துதான் லிதுவேனியன்ல ட்ரோபா, வீடு, லத்தீன்ல ட்ராப்ஸ், வீட்டு உத்தரம், வெல்ஷ்ல ட்ரெவ், ஊர். இங்கிலாந்து தென்மேற்கு மூலைல கார்ன்வால் போனா ட்ரி-ல ஆரம்பிக்கற ஊரும் ஆளும் கணக்கே இல்ல, அந்த ட்ரி இதேதான். பிரான்ஸ்ல அராஸ் நகரத்துக்கு பேர் குடுத்த அட்ரெபாடிஸ்ங்கற கெல்டிக் கூட்டத்தோட பேர்லயும் இதே வேர், குடியிருக்கறவங்கன்னு அர்த்தம். அப்படி பார்த்தா கிழக்கு ஓரத்து தோர்ப்பும் மேற்கு ஓரத்து ட்ரி-யும் ஆயிரக்கணக்கான வருஷம் முன்னாடி பிரிஞ்ச அண்ணன் தம்பி. இன்னொரு கட்சி, ஐஸ்லாந்து மொழியில "திர்பிங்"னா கூட்டம், கொத்து, லத்தீன்ல "டுர்பா"ன்னா ஜனக்கூட்டம், அதனால தோர்ப்போட அடிப்படை அர்த்தமே கூட்டமா இருக்கறதுன்னு சொல்றாங்க. காத்திக்ல வயல்னு வர்றதால இந்த ரெண்டாவது எனக்கு பலவீனமா படுது, வயல்ல என்ன கூட்டம்?

ஒரு வருத்தமான விஷயமும் இந்த குடும்பத்துல இருக்கு. ஜெர்மன்ல டோல்பெல்னா மடையன், அது டோர்ஃப்ல இருக்கறவன்ங்கற பழைய சொல்லுல இருந்து வந்தது. நார்ஸ்ல தோர்பாரின்னா கிராமத்தான், பின்னாடி போக்கிரி. ஆங்கில "வில்லன்" கதையும் இதேதான், வில்லாங்கற பண்ணையில வேலை பார்த்த ஏழை குடியானவன் கெட்டவன் ஆயிட்டான். நிலத்தை உழுதவனுக்கு ஊர் ஊரா இதேதான் கிடைச்சிருக்கு.

அந்த வில்லாவோட பேரப்பிள்ளைதான் "வில்லேஜ்", 1066-க்கு அப்புறம் ஆட்சிக்கு வந்த பிரெஞ்சு வழியா 14-ம் நூற்றாண்டுல ஆங்கிலத்துல நிலைச்சது. "ஹேம்லெட்"டும் பிரெஞ்சு வழிதான். ஆளறவன் சொல்லு பேச்சுக்கு வந்துச்சு, ஊர்க்காரன் சொல்லு எல்லாம் ஊர் பேருக்குள்ள போய் உறைஞ்சிடுச்சு: வீட்டை சொல்ற ஹம், வேலி போட்ட இடத்தை சொன்ன டன் (இது மட்டும் தப்பிச்சு "டவுன்"னு பெரிசாயிடுச்சு), கிரீனிச், நார்விச் எல்லாத்துலயும் இருக்கற விக், அப்புறம் நம்ம தோர்ப். 14-ம் நூற்றாண்டு கடைசில கவிஞர் சாசர் ஏழைங்க இருக்கற ஊரை சொல்ல "த்ரோப்"னு போட்டார், அதுதான் கிட்டத்தட்ட பேச்சுல உயிரோட இருந்த கடைசி காலம். 19-ம் நூற்றாண்டுல கவிஞர் டென்னிசன் பாட்டுல போட்டப்ப அது பழமை வாசனைக்காக போட்டது. இப்ப இங்கிலாந்துல யாரும் நான் ஒரு தோர்ப்ல இருக்கேன்னு சொல்ல மாட்டாங்க. உயிரோட இருக்கற ஒரே இடம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி கேம், அதுல 20-ல இருந்து 80 பேர் வரைக்கும் இருக்கற குடியிருப்புக்கு பேர் தோர்ப், ஹேம்லெட்டை விட சின்னது, பழைய அர்த்தத்துக்கு ஆச்சரியமா ரொம்ப கிட்ட.

ஊரை விட்டு போனவங்களோட குடும்ப பேராவும் இது உலகம் சுத்திச்சு. இங்கிலாந்துக்கு 100 டெஸ்ட் ஆடின கிரஹாம் தோர்ப், 2001-ல கொழும்பு எஸ்எஸ்சில முரளியை வெச்சுக்கிட்டே அவுட் ஆகாம 113 அடிச்சாரே அவர், ஆஸ்திரேலியா நீச்சல் வீரர் இயன் தோர்ப், அமெரிக்கால 1912 ஒலிம்பிக்ல கலக்கின ஜிம் தோர்ப். உருவம் மாறினதும் உண்டு, 1630-ல மாசச்சூசெட்ஸ் போன ஜான் வின்த்ரோப், போர் விமானம் செய்யற நார்த்ரோப் (வடக்கு தோர்ப்), 1733-ல ஜார்ஜியா காலனிய ஆரம்பிச்ச ஓகல்தோர்ப். நியூட்டன் பிறந்து, ப்ளேக் சமயத்துல கேம்பிரிட்ஜை மூடினப்ப திரும்பி போய் உக்காந்து யோசிச்சதும் லிங்கன்ஷயர்ல வூல்ஸ்தோர்ப்ங்கற தோர்ப்லதான்.

நீங்களா ஒரு ஊரை தேடி பார்க்கணும்னா இப்ப இருக்கற எழுத்தை நம்பாதீங்க, கிடைக்கற பழைய உருவத்தை பாருங்க, அதுக்கு டூம்ஸ்டே புக்தான் நல்ல ஆரம்பம், 1923-ல ஆரம்பிச்ச இங்கிலிஷ் ப்ளேஸ் நேம் சொசைட்டி கவுன்டி கவுன்டியா புத்தகம் போட்டுட்டு வர்றாங்க, நாட்டிங்ஹம் யூனிவர்சிட்டி வெப்சைட்ல ஊர் பேரை அடிச்சு தேடற வசதியும் இருக்கு. கடைசில "இ" இருக்கா இல்லையாங்கறதுக்கு அர்த்தம் எதுவும் கிடையாது, எழுத்து பழக்கம்தான், ஆல்தோர்ப்புக்கு இல்ல, பிஷப்தோர்ப்புக்கு இருக்கு. செல்லாஃபீல்டுல 2018-ல மூடின தோர்ப் அணு ஆலையும் தேடும்போது வரும், அதை விட்டுடுங்க, அது ஒரு நீளமான பேரோட முதல் எழுத்துங்களை சேர்த்து வெச்ச சுருக்கம், இந்த சொல்லுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.